ஜினெட் வாசலில் கிடந்த கையுறைகள்

பைன் போர்டேஜ் என்கிற எங்கள் ஊரில் எல்லாரும் ரெய்னோ லாக்சோவின் முஷ்டியைப் பார்த்துத்தான் மலைத்துப்போனார்கள். ஜினெட் முதலில் பார்த்தது அவன் வாயை. அப்போது ஊரில் ஒரே ஒரு பல் டாக்டர். அவருக்குக் கருவிகளை எடுத்துக் கொடுக்கிற வேலை ஜினெட்டுக்கு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சு பேசுகிற குக்கிராமத்திலிருந்து வந்தவள். ஆள் என் தோளுக்குக்கூட வரமாட்டாள், பேச்சு மட்டும் தெருக்கோடிவரை கேட்கும். முன்பல் இரண்டு உடைந்து, உதடு கிழிந்து, நாற்காலி கொள்ளாமல் வந்து உட்கார்ந்தவனைப் பார்த்து, "வாயைத் திற. உன் வீரத்தையெல்லாம் வெளியில வச்சுக்கோ" என்றாளாம். ஊசியைக் கண்டதும் அவன் கண்ணை இறுக மூடி, அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டான். டாக்டர் வேலையை முடித்த பிறகும் விடவில்லை. அடுத்த கோடையில் கல்யாணம் நடந்தது.

இதை அவளே எனக்குச் சொன்னாள். நான் லெஸ்யா. ஊர் ஐஸ் ஹாக்கி அரங்கத்தில் உருளைக்கிழங்கு வறுவலும் காபியும் விற்கிற கடை என்னுடையது. ரெய்னோவும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. ஜினெட்டுக்கு நான் பக்கத்து வீடு. எனக்கு வாய் அதிகம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். இந்த ஊர் செய்ததைச் சொல்வதற்கு வாய் கொஞ்சம் அதிகமாகத்தான் வேண்டும்.

ரெய்னோ ஹாக்கி ஆடினான் என்பது பாதி உண்மைதான். பனித்தளத்தில் அவன் கோல் போட்டு நான் பார்த்ததில்லை. அவன் அணியின் நல்ல ஆட்டக்காரனை எவனாவது வம்புக்கு இடித்துத் தள்ளினால், ரெய்னோ போய் இடித்தவன் முன்னால் நின்று, தன் இரண்டு கையுறைகளையும் உதறிக் கீழே போடுவான். அதுதான் அழைப்பு. எதிராளியும் தன் கையுறையைக் கீழே போட்டால் சண்டை. ஒருவன் விழுகிறவரை நடுவர்கள் ஓரமாக நிற்பார்கள். கையுறையைப் போடாதவனை ரெய்னோ ஒருநாளும் தொட்டதில்லை, அதில் அவன் சுத்தம். தெற்கே ஒரு பெரிய நகரத்து அணி அவனை அந்த ஒரு வேலைக்காகவே எடுத்துக்கொண்டது. அங்கே அவனுக்குக் 'கோடாலி' என்று பேர் வைத்தார்கள். அவன் அடித்தபோது மட்டுமில்லை, அடி வாங்கியபோதும் கூட்டம் எழுந்து நின்று கத்தியது.

முழங்கால் போனதும் அந்த அணி அவனைக் கைகழுவிவிட்டது. ஊருக்குத் திரும்பிக் காகித மில்லில் வேலைக்குச் சேர்ந்தான். ஊருக்கு ஒரே பெருமை. தெருவில் அவன் எதிரே வந்தால் ஆண்கள் நின்று, தங்கள் கம்பளிக் கையுறையைக் கழற்றிப் பனியில் போடுவார்கள். அவனும் முஷ்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு சுற்று சுற்றுவான். பிறகு கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அதுதான் எங்கள் ஊரில் அவனுக்கு வணக்கம். கோயில் வாசலில் பாதிரியாரே செய்து பார்த்திருக்கிறேன். ஜினெட்டுக்கு மட்டும் அது பிடிக்காது. "வயசு ஏறுதே தவிர புத்தி ஏறலை" என்று குனிந்து கையுறைகளைப் பொறுக்கி, பனியைத் தட்டி, அவரவர் கையில் திணித்துவிட்டுப் போவாள்.

ஜினெட் அவன் ஆட்டத்துக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. டாக்டர் கடையை மூடிய பிறகு பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினாள். இருக்கையில் தலையணை போட்டு உட்கார்ந்தால்தான் அவளுக்குச் சாலை தெரியும். பிள்ளை குட்டி இல்லை. வாரத்தில் ஒருநாள் எங்கள் வீட்டில் சீட்டாட்டம். தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், ஜெயித்தால் ஊருக்கே சொல்வாள். அவள் வாழ்க்கை அவ்வளவுதான். அது போதும் என்றுதான் அவளும் இருந்தாள்.

ரெய்னோவுக்கு அறுபது தாண்டியதும் தொடங்கியது. முதலில் தலைவலி. பிறகு வெளிச்சம் ஆகவில்லை, சத்தம் ஆகவில்லை. சட்டைப் பொத்தானை வைத்துக்கொண்டு அது என்னவென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பான். வாங்கிய அடியெல்லாம் மூளைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தங்கிவிட்டது, நிலைமை இனிமேல் தேறாது, இறங்கத்தான் செய்யும் என்று நகரத்து டாக்டர் சொல்லி அனுப்பினார். ஜினெட் பஸ் வேலையை விட்டாள். காலையில் அவன் எழுந்து மிரண்டு பார்க்கும்போது, வெறும் கையால் அவன் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு, "நான்தான், வாயைத் திற" என்பாள். அவன் வாயைத் திறப்பான். அதற்கப்புறம் அன்றைக்குச் சாதுவாக இருப்பான்.

பெர்ட்டி என்று ஒருவர், மில்லில் அவனோடு வேலை பார்த்தவர், நல்ல மனுஷன்தான், கடைத்தெருவில் ஒருநாள் அவனைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் கையுறையைப் பனியில் போட்டார். ரெய்னோ சிரிக்கவில்லை, சுற்றவும் இல்லை. ஒரே அடி. பெர்ட்டியின் தாடை எலும்பு நொறுங்கிப்போனது.

அதைவிடக் கொடுமை பிறகுதான். பெர்ட்டிக்குக் கோபமே இல்லை. தாடையில் கம்பி கட்டிக்கொண்டு என் கடை முன்னால் நின்று, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டினார். "கோடாலி கையால வாங்கினது. தொட்டுப் பாரு, பரவாயில்லை." எவனோ ஒருவன் அந்த அடியைப் போனில் படம் பிடித்திருந்தான். அது எங்கெங்கோ போயிற்று. கோடாலி இன்னும் அடிக்கிறான், கையுறையைப் போட்டால் போதும் என்று கண்டவனுக்கும் தெரிந்துவிட்டது.

வாரம் ஒருமுறை அவனைப் பார்க்க வருகிற நர்ஸ் ரோண்டா, ஏரிக்கரை ஒஜிப்வே பழங்குடிக் குடியிருப்புக்காரி, ஜினெட்டிடம் மறைக்காமல் சொன்னாள். "இன்னொரு ஆள் மேல கை பட்டுதுன்னா என்னால எதுவும் செய்ய முடியாதும்மா. நகரத்துல பூட்டி வைக்கிற வார்டுக்குக் கொண்டு போயிடுவாங்க. அங்க போனவங்க திரும்பி வந்து நான் பார்த்ததில்லை."

ஜினெட் வீடு வீடாகப் போனாள். நானும் கூடப் போனேன். கதவைத் தட்டி, உள்ளேகூடப் போகாமல் வாசலில் நின்றே சொன்னாள். "அவரு முன்னாடி கிளவுஸைக் கீழ போடாதீங்க. விளையாட்டுக்குக்கூட வேண்டாம். நான் பக்கத்துல இருக்கறப்ப அவரு உசிரு போகணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்." எல்லாரும் தலையாட்டினார்கள். சில பெண்கள் அழவும் செய்தார்கள். எங்கள் ஊரில் தலையாட்டுவதற்கு ஆள் பஞ்சம் இருந்ததே இல்லை.

நவம்பரில் ஒரு காலை, அவள் வாசலில் ஒரு ஜோடி கையுறை கிடந்தது. பழுப்புத் தோல், உள்ளங்கை மேலே பார்க்க, விரல்கள் கொஞ்சம் மடங்கி. பனி பெய்து ஓய்ந்திருந்தது. சுற்றிலும் கால்தடம் இல்லை. யாரோ விட்டுப் போனது என்று அவள் வேலியில் மாட்டி வைத்தாள். மறுநாள் இரண்டு ஜோடி. அதற்கு மறுநாள் ஒரு குழந்தையின் சிவப்புக் கம்பளியுறை மட்டும் ஒற்றையாகக் கிடந்தது. யார் போட்டது, எப்போது போட்டது, ஒன்றும் தெரியாது. நாய்கூடக் குரைக்கவில்லை. நான் ஜன்னலோரம் காபிக் கோப்பையோடு உட்கார்ந்து காவல் காத்துப் பார்த்தேன். அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதற்குள் புதிதாக ஒன்று கிடந்தது.

ரெய்னோவும் பார்த்துக்கொண்டிருந்தான். நாள் முழுக்க முன்ஜன்னலில் நிற்பான். ஜினெட் ஜன்னலுக்குப் போர்வை மாட்டினாள். அவன் அதை விலக்கிவிட்டுப் பார்த்தான். அவள் குளிக்கப் போகிற நேரம் வெளியே போய்க் கையுறைகளைப் பொறுக்கி உள்ளே கொண்டுவந்துவிடுவான்.

ஒருநாள் பட்டாணி சூப் குடிக்கக் கூப்பிட்டாள் என்று போனேன். சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் ஒரு ஜோடி கையுறை வைத்திருந்தது, மேசையில் கை வைத்துக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பதைப் போல. நான் காலியாக இருந்ததாக நினைத்து ஒரு நாற்காலியை இழுத்தேன்.

"அதுல உட்காராதே லெஸ்யா" என்றான் ரெய்னோ. "ஆள் இருக்கு."

"யாருப்பா?"

ஒரு பேரைச் சொன்னான். பழைய நாளில் அவனோடு சண்டை போட்ட ஒருவன். அடுத்த நாற்காலிக்கு இன்னொரு பேர். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனான், மனைவி பேரை மறந்தவன். ஜினெட் அடுப்படியில் திரும்பாமலே, மெதுவாகச் சொன்னாள். "அதுல பாதிப்பேர் செத்துப்போயாச்சு, லெஸ்யா. நான் தேடிப் பார்த்துட்டேன்."

"போட்டவன் வருவான்" என்றான் அவன். "போட்டுட்டு வராம இருக்க முடியாது. அது மரியாதையில்லை."

வெளியே விறைத்துப்போயிருந்த தோல் கையுறைகள் வீட்டுச் சூட்டில் இளகிக்கொண்டிருந்தன. மடங்கியிருந்த விரல்கள் மேசைமேல் ஒவ்வொன்றாக நீண்டன. சத்தமே இல்லை. ரெய்னோ அவற்றைப் பார்த்துத் தலையசைத்தான், யாரோ சொன்னதற்குப் பதில் போல. நான் சூப்பைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன். பயந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கென்ன வெட்கம். அந்த வீட்டில் ராத்திரி பகல் இருந்தவள் அவள்.

டிசம்பரில் ஆட்களே வரத் தொடங்கினார்கள். எதிர்ச்சாரியில் கார் நிற்கும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், கண்ணாடியில் புகை படிந்து உள்ளே யார் என்று தெரியாது. அவன் ஜன்னலில் தெரிந்தால் கண்ணாடி இறங்கும், போன் நீளும். ஜினெட் துடைப்பத்தோடு போவாள். ஒரு நல்ல கோட்டுப் போட்ட இளைஞன் காரைவிட்டு இறங்கி அவளிடம் பணிவாகக் கேட்டது என் காதில் விழுந்தது.

"ஒரே ஒரு அடிம்மா. வேற ஒண்ணும் இல்லை. எங்கப்பா அவரோட பெரிய ரசிகர்."

"அப்ப உங்கப்பாவையே உன்னை அடிக்கச் சொல்லு. உனக்கு அது சின்ன வயசுலயே விழுந்திருக்கணும்."

"நீங்க கோபப்படுறீங்க. நாங்க அவர் மேல இருக்கிற மரியாதையிலதான் வர்றோம்."

அதுதான் அவளை உடைத்தது. அவன் கேலி செய்யவில்லை, கண் கலங்கித்தான் பேசினான். கேலி என்றால் துடைப்பத்தால் விரட்டலாம். இதை எதால் விரட்டுவது என்று என்னிடம் கேட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஊர் ஹாக்கி சங்கத் தலைவர் வார்ட் பின்னி என்பவர் வந்தார். வெள்ளை மீசை, எதற்கெடுத்தாலும் தொண்டையைச் செருமுவார். சங்கத்துக்கு ஐம்பதாம் வருஷம். ஜனவரியில் விழா. பழைய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கிறார்கள். ரெய்னோ பனித்தளத்தின் நடுவில் ஒரு நிமிஷம் நின்றால் போதும்.

"முடியாது" என்றாள் ஜினெட்.

"நீ சொல்றபடியெல்லாம் செய்றோம் ஜினெட். கோல் சங்கு ஊத மாட்டோம், விளக்கைக் குறைச்சுடறோம். யாரும் கத்தக் கூடாதுன்னு சொல்லிடறோம். கிளவுஸை எல்லாரும் பாக்கெட்ல வச்சுக்கணும்னு வாசல்லயே சொல்லி அனுப்பறோம்."

அவர் போனதும் அவள் ஜன்னல் போர்வையைக் கழற்றி மடித்து வைத்தாள். பிறகு, "கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"அவங்க பார்க்கிறது பழைய ஆளை, லெஸ்யா. வீடியோவுல பார்க்கிற ஆளை. இவரை இவங்க யாரும் பார்க்கவே இல்லை. நான் ஜன்னலை மூடி மூடி வச்சதுதான் தப்பு. ஒருதடவை வெளிச்சத்துல நிறுத்தறேன். எச்சில் வழியறதைப் பார்க்கட்டும். கால் நடுங்கறதைப் பார்க்கட்டும். வெட்கப்பட்டு விட்டுடுவாங்க."

"இந்த ஊரா? வெட்கப்படுமா?"

"உன்னைத் தவிர எல்லாரும் மனுஷங்கதான்" என்று சிரித்தாள். அந்தக் குளிர்காலத்தில் அவள் சிரித்து நான் கேட்டது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை மதியம் விழா. அரங்கம் கொள்ளாத கூட்டம். வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவரிடமும் சொன்னார்கள்: கத்தாதீர்கள், கைதட்டாதீர்கள், கையுறையைப் பாக்கெட்டில் வையுங்கள். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். பாதி விளக்கை அணைத்தார்கள். என் கடை ஜன்னல் பனித்தளத்தைப் பார்த்தபடி இருக்கும். எண்ணெய் சத்தம் கேட்கக் கூடாதென்று நானே அடுப்பை அணைத்தேன்.

பனிமேல் ஒரு கம்பளம் விரித்திருந்தார்கள். அதில் அவர்கள் இரண்டு பேரும் நடந்து வந்தார்கள். அவனுக்குப் பழைய ஆட்டச் சட்டையை மாட்டிவிட்டிருந்தார்கள், அது தோளில் தொங்கியது. வாய் திறந்திருந்தது. தாடையில் ஈரம். அவன் கையைத் தன் கைக்குள் இறுக்கி, தலை நிமிர்ந்து அவள் வந்தாள், அவன் முழங்கைக்குத்தான் இருந்தாள். அத்தனை ஆயிரம் பேரிடமிருந்து ஒரு இருமல்கூட வரவில்லை. அவன் காலை இழுத்து வைக்கிற சத்தம் என் ஜன்னல்வரை கேட்டது. முன்வரிசையில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். ஆண்களும் அழுதார்கள். இவள் ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன்.

நடுவில் வந்து நின்றார்கள். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. முன்வரிசையில் பெர்ட்டி எழுந்து நின்றார். முகமெல்லாம் கண்ணீர். பாக்கெட்டிலிருந்து தன் கையுறையை எடுத்துப் பனித்தளத்தில் வீசினார்.

அவர் நல்லதாக நினைத்துத்தான் செய்தார், அது எனக்குத் தெரியும். ஒருவன் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டால் தொப்பியைக் கழற்றித் தளத்தில் வீசுகிறவர்கள் நாங்கள். கோல் போட்டவனுக்குத் தொப்பி என்றால் கோடாலிக்கு என்ன? பக்கத்தில் இருந்தவருக்கும் அதே எண்ணம் வந்தது. பிறகு பின்வரிசை. பிறகு மேல்தட்டு. தோல் கையுறை, கம்பளி, குழந்தைகளின் கயிறு கோத்த உறைகள், எல்லாம் அரையிருட்டில் மேலேயிருந்து வந்து பனியில் விழுந்தன. யாரும் கத்தவில்லை. கத்தாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள், அதை அப்படியே கேட்டுக்கொண்டார்கள். பொத் பொத்தென்று அந்தச் சத்தம் மட்டும்தான், நிற்காமல்.

ரெய்னோ அவள் கையை உதறினான். முஷ்டி ஏறியது. அவன் இந்தப் பக்கம் திரும்பினான், அந்தப் பக்கம் திரும்பினான். எல்லாப் பக்கத்திலிருந்தும் கூப்பிட்டிருக்கிறார்கள், ஒருவனும் இறங்கி வரவில்லை. அவன் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை. முனகிக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தான்.

ஜினெட் அவனை நெருங்கினாள். காலையில் செய்வதைச் செய்யத்தான் போனாள், கன்னத்தைப் பிடித்து, நான்தான் என்று சொல்ல. அந்தக் குளிரில் அவள் கையில் கம்பளிக் கையுறை. வெறும் கை பட்டால்தான் அவனுக்குத் தெரியும். அவசரத்தில் இரண்டையும் உருவிக் கீழே போட்டுவிட்டு, கைகளை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

ஊருக்கெல்லாம் வீடு வீடாகப் போய்ச் சொன்னவள்.

அவன் அடித்தான். அவள் கம்பளத்தைத் தாண்டிப் போய் விழுந்தாள். அப்போது அரங்கம் கத்தியது. அதை நான் யார் கேட்டாலும் சொல்வேன், எங்கே கேட்டாலும் சொல்வேன். ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும், பிறகு அவர்களே திடுக்கிட்டு வாயை மூடிக்கொண்டார்கள், கடவுளே என்றார்கள், ஓடி வந்தார்கள். ஆனால் முதலில் வந்தது அந்தச் சத்தம்தான். பழைய நாள் சத்தம். என் கையால் வாங்கித் தின்ற வாய்கள்தான் அத்தனையும். அதைக் கேட்டதும் ரெய்னோவின் முகம் தெளிந்தது. பயம் போய்விட்டது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான்.

திங்கட்கிழமை அவனை நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். ஜினெட்டுக்குக் கன்னத்து எலும்பில் தகடு வைத்தார்கள். இடது கண் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது, அந்தப் பக்கம் சிரிப்பு வராது. வார்ட் பின்னி மலர்க்கொத்தோடு வந்து செருமிக்கொண்டு நின்றார். அவரை நான்தான் வாசலோடு அனுப்பினேன், என்ன சொல்லி அனுப்பினேன் என்பதை எழுத முடியாது. அவள் யாரையும் குறை சொல்லவில்லை. "கிளவுஸைக் கீழ போட்டது நான்தானே" என்றாள், அவ்வளவுதான்.

வாரம் ஒருமுறை பஸ் பிடித்து நகரத்துக்குப் போய்வந்தாள். முதலில் அவன் அமைதியாக இருந்தான். மார்ச்சில் போனபோது அவனைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். தம்பி மகன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் உள்ளே வந்திருக்கிறான். கட்டிலுக்கு முன்னால் நின்று கையுறையைத் தரையில் போட்டு, போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். ஆட்கள் ஓடிவருவதற்குள் ரெய்னோ எழ முயன்று விழுந்து, இடுப்பு முறிந்துவிட்டது. இனி யாரையும் விடமாட்டோம் என்று வார்டில் சொன்னார்களாம். "இங்கயும் எல்லாரும் தலையாட்டினாங்க" என்றாள் என்னிடம். அன்று சாப்பிடவே இல்லை.

ரெய்னோ இன்னும் அந்த வார்டில்தான் கிடந்தான். அடுத்த ஆட்டப் பருவம் தொடங்கியதும் என் கடைக்கு உதவிக்கு வருகிறேன் என்றாள் ஜினெட். அந்த அரங்கத்தில் மறுபடி கால் வைப்பதா என்று நான் எவ்வளவோ சொன்னேன். கேட்கிற ஆளா அவள். கல்லாவுக்குப் பக்கத்தில், வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

முதல் வாரமே ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். தெற்கேயிருந்து நாள் முழுக்கக் கார் ஓட்டி வந்திருக்கிறார்கள். காபி வாங்கினார்கள், குடிக்கவில்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பா நினைக்காதீங்க. கோடாலி கடைசியா அடிச்சது உங்களைத்தானே?"

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வறுவல் கூடையை எண்ணெயோடு கையில் எடுத்துவிட்டேன். ஜினெட் என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே வைக்கச் சொன்னாள். கையைத் துடைத்துக்கொண்டு கடைக்கு வெளியே போனாள்.

"ஆமாங்க. நான்தான்."

"எப்படி இருந்துச்சு? இன்னும் அதே பலமா?"

"இடி விழுந்த மாதிரி இருந்துச்சு" என்றாள் ஜினெட். "அவரை மாதிரி இனிமே எவனும் பொறக்க மாட்டான்."

அந்த அம்மாள் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புகிறீர்களா, வெளிச்சம் படவில்லை என்றாள். ஜினெட் கழுத்துத் துணியை அவிழ்த்துவிட்டுத் திரும்பினாள். தொட்டுப் பார்க்கலாமா என்று அவர் கேட்டார். தலையசைத்தாள். அவர் இரண்டு விரலால் தகடு இருக்கிற இடத்தை மெதுவாகத் தடவினார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. படம் எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லி, இரண்டு பேரும் வடக்கே ஏரியைப் பார்க்கப் போகிறோம் என்று சந்தோஷமாகக் கிளம்பினார்கள்.

அவர்கள் போனதும் பிடித்துக்கொண்டேன். "உனக்குச் சூடு சொரணை இருக்கா? கன்னத்தைக் காட்டிக்கிட்டு நிக்கறே. கண்காட்சியா நீ?"

"அவங்க நகரம் வழியாத்தான் வந்திருக்காங்க லெஸ்யா. ஆஸ்பத்திரி எங்க இருக்குன்னு இந்த வாசல்ல நிக்கறவனைக் கேட்டாங்க. நான் கேட்டுட்டுத்தான் இருந்தேன்." அவள் நாற்காலியைக் கொஞ்சம் இழுத்து விளக்குக்குக் கீழே போட்டாள். "இப்ப ஏரியைப் பார்க்கப் போறாங்க. பார்க்க வேண்டியதைப் பார்த்தாச்சு. ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டாங்க."

அவர்கள் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன காபியை எடுத்துக் கொட்டினேன்.

வாசல் கதவு திறந்து குளிர் உள்ளே வந்தது. மூன்று ஆண்கள், புது முகங்கள், தொப்பியில் பனி. உள்ளே வந்து யாரையோ தேடினார்கள். ஜினெட் இடது பக்கத்து முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள்.

"இங்க வாங்க" என்று கூப்பிட்டாள்.